வட்டம், கோட்டம், மண்டலம்: மலை மாவட்டத்தைக் குழப்பும் வட்டச் சொற்கள்

தென்மேற்குப் பருவமழை வலுக்கும்போது நீலகிரியில் ஓர் அறிவிப்பு தவறாமல் வரும்: குறிப்பிட்ட சில வட்டங்களில் மட்டும் பள்ளிகளுக்கு விடுமுறை. அதே நாட்களில் மின்தடை குறித்த செய்தி "நீலகிரி மின் பகிர்மான வட்டம்" என்று தொடங்கும். யானை நடமாட்டம் பற்றிய எச்சரிக்கை "கூடலூர் வனக்கோட்டம்" என்று வரும். சாதிச் சான்றிதழ் குறித்த செய்தியில் "கூடலூர் கோட்டாட்சியர்" இருப்பார். ஊரக வேலைத் திட்டம் குறித்த செய்தியில் "வட்டார வளர்ச்சி அலுவலர்" இருப்பார். வட்டம் என்பது ஓர் ஊரைச் சுற்றிய பகுதியா, மாவட்டம் முழுவதுமா? கோட்டம் வட்டத்தைவிடப் பெரிதா, சிறிதா? வட்டாரம் என்பது வட்டத்தின் மற்றொரு பெயர்தானா? இந்தக் கேள்விகளுக்கு ஒற்றை விடை இல்லாததற்குக் காரணம் அந்தச் சொற்களின் வரலாற்றிலேயே இருக்கிறது.

முதலில் கவனிக்க வேண்டியது ஒன்று. மாவட்டம், வட்டம், குறுவட்டம், வட்டாரம், கோட்டம், மண்டலம் ஆகிய ஆறும் வளைவையோ வட்டத்தையோ குறித்த சொற்களிலிருந்து பிறந்தவை. மலையில் எந்த எல்லையும் வட்டமாக ஓடுவதில்லை. ஓடைகளையும் முகடுகளையும் தொற்றிக்கொண்டு அது கோணலாகவே செல்கிறது. அப்படியிருந்தும் நிலப்பகுதிக்கு வட்டத்தின் பெயர் ஏன் வந்தது என்பதிலிருந்து தொடங்கலாம்.

வட்டம்: வடிவமும் சுற்றும்

இன்றைய பள்ளிப் பாடநூல் உருண்ட வடிவங்களைத் தெளிவாகப் பிரித்துவிடுகிறது. தளத்தில் வரையப்படுவது வட்டம். எல்லாப் பக்கமும் திரண்டது கோளம். உருட்டுக்கட்டை போல் நீண்டது உருளை. வழக்குத் தமிழ் இவ்வளவு கறாராகப் பிரிப்பதில்லை. உதகையின் உருளைக்கிழங்கு கணித உருளை அன்று; உருளும் தன்மையால் அது அப்பெயர் பெற்றது.

'வட்டம்' என்ற சொல்லுக்கு வழக்கில் இரண்டு பொருள் இழைகள் உண்டு. ஒன்று வடிவம்: வட்டமான நிலா, வட்டக்கல், கோயிலில் வீசும் ஆலவட்டம். மற்றொன்று சுற்று: கழுகு வட்டமிடுகிறது, தேர் ஒரு வட்டம் வந்தது, "அவனிடம் ரெண்டு வட்டம் சொல்லிவிட்டேன்". இரண்டாவது இழையில் வடிவம் முக்கியமல்ல. கொடைக்கானல் ஏரி நட்சத்திரம் போல் பல கைகளாகப் பிரிந்து கிடக்கிறது. 1863இல் அதை உருவாக்கிய ஆங்கிலேய அதிகாரி லெவிஞ்சு அதற்கு எந்தச் சீரான வடிவமும் தரவில்லை, பள்ளத்தாக்கின் போக்கே அதன் கரையாயிற்று. ஆயினும் அதன் கரைச் சாலையில் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தவர் ஏரியை ஒரு வட்டம் வந்ததாகவே சொல்வார். புறப்பட்ட புள்ளியில் முடிவதும், உள்ளே ஒன்றை அடக்கிக்கொள்வதும் இருந்தால் போதும். தமிழில் அது வட்டம். கோயிலில் மரியாதையாகத் தலையைச் சுற்றிக் கட்டும் துணி பரிவட்டம் எனப்படுவதும் இதே பொருளில்தான்.

சொல்லின் வேர்: இரு கருத்துகள்

வட்டம் என்ற சொல் எங்கிருந்து வந்தது என்பதில் அறிஞர்களிடையே இரு நிலைப்பாடுகள் உள்ளன.

1. வடமொழியில் 'திரும்பு, சுழல்' என்ற பொருள் கொண்ட வேரிலிருந்து பிறந்த 'விருத்த' என்ற சொல், பிராகிருதத்தில் 'வட்ட' என்று மாறி, தமிழுக்கு வந்து 'வட்டம்' ஆனது என்பது ஒன்று. ஒலி அளவில் இதற்குத் தடையில்லை. பிராகிருதச் சொற்கள் மிகப் பழங்காலத்திலேயே தமிழில் கலந்துள்ளன.

2. தேவநேயப் பாவாணர் வழியில் நிற்கும் சொல்லாய்வாளர்கள் 'வள்' என்ற தமிழ் வேரைக் காட்டுகிறார்கள். வளை, வளைவு, வளையம், வளையல், வளாகம் ஆகியவை அனைத்தும் அவ்வேரின் கிளைகள். 'கேள்' என்பது 'கேட்டு' ஆவதுபோல் 'வள்' என்பது 'வட்டு' ஆகும். வட்டு என்றால் உருண்டைக் காய், சிறு வட்டத் துண்டு. உண்கலமான வட்டிலும் இதனோடு சேரும்.

எது சரி என்பதை ஒலி ஒற்றுமையை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது. எனினும் இரண்டாவது கருத்துக்கு ஒரு வலிமை உண்டு: 'வளை' குடும்பம் தமிழுக்குள் ஆழமாக வேரோடியிருக்கிறது, அது எவரிடமும் கடன் வாங்கியதன்று. வெளியிலிருந்து ஒரு சொல் வந்திருந்தாலும், அது இந்தக் குடும்பத்தின் நடுவில் வந்து அமர்ந்து அதன் பொருளை ஏற்றுக்கொண்டிருக்கிறது. நிலப்பகுதியைக் குறிக்கும் பொருள் வளர்ந்ததை விளக்க இந்தக் குடும்பமே போதுமானது.

வளைக்கப்பட்ட நிலம்

புறநானூற்றின் 189ஆம் பாட்டு "தெண்கடல் வளாகம்" என்று தொடங்குகிறது. கடலால் வளைக்கப்பட்ட உலகம் என்பது பொருள். உலகம் உருண்டை என்ற வானியல் செய்தியை நக்கீரனார் அங்கே சொல்லவில்லை. நாற்புறமும் கடல் சூழ்ந்து உள்ளே அடங்கிய நிலம் என்றே சொல்கிறார். இன்று "ஆட்சியர் அலுவலக வளாகம்" என்னும்போதும் அதே பொருள்தான். உள்ளே கட்டடங்கள் எந்த வடிவில் இருந்தாலும் ஒரு சுற்றுச்சுவருக்குள் அடங்கியது வளாகம்.

நிலத்துக்கு வட்டப் பெயர் வந்ததன் அடிப்படை இதுவே. எல்லைக் கோடு ஓரிடத்தில் தொடங்கிச் சுற்றி வந்து அதே இடத்தில் முடிகிறது. அதற்குள் அடங்கியது வட்டம். 'வட்டகை' என்ற சொல்லும் இப்படி ஓர் அடைப்புக்குள் வரும் நிலப்பகுதியைக் குறித்தது. வட்டாரமும் இதே போக்கில் வந்த சொல்லே.

இதற்கு முன் நிர்வாகத்தில் வழங்கிய பெயர்களில் இந்த உருவகம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 'ஜில்லா' என்பதன் அரபு மூலத்துக்குப் பக்கம், விலா எலும்பு என்று பொருள். 'தாலுகா' என்பதன் மூலம் தொடர்பு, சார்பு என்பதைக் குறிக்கும். 'பிர்கா' என்றால் பிரிவு, குழு. 'தாசில்' என்றால் வசூல், தாசில்தார் வசூலிப்பவர். இவை பாரசீகம் வழியாக முகலாய, கிழக்கிந்தியக் கும்பினி ஆட்சிகளின் வருவாய்க் கணக்கிலிருந்து வந்தவை. 1956இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் நிறைவேறிய பின் அலுவலகங்களில் தமிழ்ப் பெயர்கள் நிலைபெற்றபோது, ஜில்லா மாவட்டம் ஆயிற்று, தாலுகா வட்டம் ஆயிற்று, பிர்கா குறுவட்டம் ஆயிற்று, தாசில்தார் வட்டாட்சியர் ஆனார். மா வட்டம், வட்டம், குறு வட்டம்: பெரியது, நடுவானது, சிறியது என்று ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் மூன்று வட்டங்கள். இது வெறும் மொழிபெயர்ப்பு அன்று. வசூலையும் சார்பையும் நினைவூட்டிய சொற்களை விலக்கிவிட்டு, ஓர் ஊரையும் அதன் சுற்றுப்புறத்தையும் நினைவூட்டும் சொற்களை ஒரே வேரிலிருந்து அடுக்கடுக்காக ஆக்கிய நல்ல கலைச்சொல் பணி. இதற்கு உரிய பாராட்டு இன்னும் கிடைக்கவில்லை.

கோட்டம்: வளைவிலிருந்து வளைத்த நிலம் வரை

ஓடு என்பதிலிருந்து ஓட்டம், ஆடு என்பதிலிருந்து ஆட்டம் பிறப்பதுபோல், 'வளை, சாய்' என்ற பொருளுடைய 'கோடு' என்ற வினையிலிருந்து கோட்டம் பிறந்தது. திருக்குறள் 119இல் "சொற்கோட்டம் இல்லது செப்பம்" என்று வருகிறது; நடுவுநிலையிலிருந்து சொல் வளையாதிருப்பதே நேர்மை என்பது கருத்து. வளைவு என்ற பொருளிலிருந்து, வளைத்துக் கட்டிய மதில், அம்மதிலுக்குள் அமைந்த கோயில் என்றெல்லாம் பொருள் விரிந்தது. காஞ்சிபுரத்தின் குமரகோட்டம் இன்றும் இருக்கிறது. நாட்டுப் பிரிவாகவும் இச்சொல் பழையது. தொண்டை மண்டலம் 24 கோட்டங்களாகப் பிரிந்திருந்ததாக மரபு கூறுகிறது.

ஆக, கோட்டமும் வட்டமும் வெவ்வேறு வேர்களிலிருந்து வந்து 'வளைக்கப்பட்ட நிலம்' என்ற ஒரே பொருளில் சந்தித்துக்கொண்டவை. சொற்பொருளை மட்டும் வைத்துப் பார்த்தால் இவற்றில் எது பெரிது என்று கூற வழியே இல்லை. குழப்பத்தின் முதல் காரணம் இது.

வரிசை தலைகீழாகும் இடம்

இரண்டாவது காரணம், துறைகள் இச்சொற்களைத் தனித்தனியே எடுத்துக்கொண்டது. நீலகிரியை வைத்தே பார்க்கலாம்.

1. வருவாய்த் துறையில் மாவட்டத்துக்குக் கீழே கோட்டம், கோட்டத்துக்குக் கீழே வட்டம், அதற்குக் கீழே குறுவட்டம். உதகை, குன்னூர், கூடலூர் என்று கோட்டங்கள் மூன்று. உதகைக் கோட்டத்தில் உதகை, குந்தா வட்டங்களும், குன்னூர்க் கோட்டத்தில் குன்னூர், கோத்தகிரி வட்டங்களும், கூடலூர்க் கோட்டத்தில் கூடலூர், பந்தலூர் வட்டங்களும் அடங்கும். இங்கே கோட்டம் பெரிது, வட்டம் சிறிது.

2. மின்வாரியத்தில் வட்டம் பெரிது. மேற்பார்வைப் பொறியாளரின் ஆளுகை வட்டம். அதற்குக் கீழே செயற்பொறியாளரின் ஆளுகை கோட்டம். அதற்கும் கீழே உபகோட்டம், பிரிவு. நீலகிரி மின் பகிர்மான வட்டம் என்பது தாலுகா அளவிலான பகுதி அன்று, மலை மாவட்டத்துக்கான முழு அமைப்பு.

3. வனத்துறையில் கோட்டத்துக்கு மேலே மண்டலம், கீழே வனச்சரகம். கூடலூர் வனக்கோட்டத்தின் எல்லையும் கூடலூர் வருவாய்க் கோட்டத்தின் எல்லையும் பெயரில்தான் ஒன்று.

4. ஊரக வளர்ச்சித் துறையில் வட்டாரம் என்பது ஊராட்சி ஒன்றியத்தின் பரப்பு. நீலகிரியில் வட்டங்கள் ஆறு. ஒன்றியங்களோ உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் என்று நான்கே. குந்தாவுக்கும் பந்தலூருக்கும் வட்டாட்சியர் உண்டு, தனி ஒன்றியம் இல்லை.

ஒரே அரசின் துறைகள் ஒரே சொல்லை ஏன் எதிர்த்திசையில் பயன்படுத்துகின்றன? காரணம், அங்கே வழங்குவது ஒரே 'வட்டம்' அன்று. வருவாய்த் துறையின் வட்டம், தாலுகாவின் இடத்தில் அமர்ந்த தமிழ்ச் சொல். மின்வாரியமும் அஞ்சல் துறையும் வழங்கும் வட்டமோ, ஆங்கிலேயர் காலப் பொதுப்பணி, அஞ்சல் துறைகளில் உயர் அலுவலர் ஒருவரின் மேற்பார்வைப் பரப்புக்கு வழங்கிய 'சர்க்கிள்' என்ற சொல்லின் நேர்பெயர்ப்பு. அதனால்தான் அஞ்சல் துறையில் தமிழ்நாடு முழுவதும் ஒரே வட்டமாக இருக்கிறது. இதே 'சர்க்கிள்' வனத்துறையில் மண்டலம் என்று பெயர்க்கப்பட்டது. இரண்டு வேறு மூலங்கள் ஒரே தமிழ்ச் சொல்லில் கலந்தன. ஒரே மூலம் இரண்டு தமிழ்ச் சொற்களாகப் பிரிந்தது. வாசகரின் குழப்பம் அவருடைய அறியாமையால் வந்ததன்று.

மண்டலம்: உதகையின் பெயருக்குள் நுழைந்த வட்டம்

'மண்டலம்' வடசொல். வட்டம், தட்டு, ஞாயிற்றையும் திங்களையும் சூழ்ந்த ஒளிவளையம் என்பவை அதன் முதற்பொருள்கள். அரசியல் நூலான அர்த்தசாஸ்திரம், ஓர் அரசனை நடுவில் வைத்து அவனைச் சூழ்ந்த அண்டை அரசர்களை வளையம் வளையமாக அடுக்கி அந்த அமைப்பையே மண்டலம் என்கிறது. சோழர் ஆட்சியில் மண்டலம் மிகப் பெரிய நிலப்பிரிவு. முதலாம் இராசராசன் தொண்டை நாட்டுக்குச் சயங்கொண்ட சோழமண்டலம் என்றும், ஈழத்துக்கு மும்முடிச் சோழமண்டலம் என்றும் பெயரிட்டான். சோழமண்டலக் கரையின் பெயரே ஐரோப்பியர் வாயில் கோரமண்டல் ஆனது.

இந்தப் பின்னணியை அறிந்த ஒருவர் 'உதகமண்டலம்' என்ற பெயரைப் பார்த்தால், 'உதகம்' நீர், 'மண்டலம்' பகுதி, ஆகவே நீர்வளமிக்க பகுதி என்று பொருள் கொள்வது இயல்பு. ஏரியும் மழையும் அதற்குச் சான்று போலவும் தோன்றும். ஆனால் அந்தப் பெயரின் ஈற்றில் மண்டலம் முதலில் இருக்கவில்லை.

கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819இல் மலையேறினார். 1821இல் அச்சான ஒரு கடிதத்தில் இவ்விடத்தின் பெயர் 'வோட்டோகிமண்ட்' என்பது போன்ற வடிவில் காணப்படுகிறது. பின்னர் அது 'ஊட்டகமண்ட்' என நிலைபெற்றது. இதிலுள்ள 'மண்ட்' என்பது தோடர்களின் குடியிருப்பைக் குறிக்கும் 'மந்து'. முத்தநாடு மந்து, பகல்கோடு மந்து என்று இன்றும் தோடர் ஊர்களின் பெயர்கள் அப்படியே முடிகின்றன. மலையில் படகர் ஊர் ஹட்டி, கோத்தர் ஊர் கோக்கால், தோடர் ஊர் மந்து. ஒரு பெயரின் ஈற்றைக் கேட்டாலே அது எவருடைய நிலம் என்பது தெரியும்.

மந்து என்ற சொல்லின் இனத்தை எமனோவும் பர்ரோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி தெளிவாகக் காட்டுகிறது. தமிழின் மன்று, மன்றம், மந்தை ஆகியவையும், கோத்தர் மொழியில் கூட்டம் கூடும் இடத்தைக் குறிக்கும் சொல்லும், தோடர் மொழியில் ஊரையும் எருமைப் பால்மனையையும் குறிக்கும் சொல்லும் ஒரே குடும்பமாக அங்கே வைக்கப்பட்டுள்ளன. மனிதர் கூடும் வெளியும் மாடு கூடும் வெளியும் ஒன்றாக இருந்த வாழ்க்கையின் சொல் இது. ஊட்டியின் பெயரில் இருப்பது நீர்சூழ்ந்த வட்டமன்று. எருமைகளோடு வாழ்ந்த ஒரு மக்களின் மன்றம்.

அந்த மந்து மண்டலமாக மாறியதற்கு யாருடைய சூழ்ச்சியும் காரணமன்று. பொருள் விளங்காத ஒலியைக் கேட்கும் காது, தனக்குப் பழக்கமான, அதைவிட மதிப்பு மிக்கதாகத் தோன்றும் சொல்லை அதில் பொருத்திக்கொள்ளும். 'மண்ட்' என்ற வெட்டுண்ட ஈறு, சோழமண்டலம், கொங்குமண்டலம் என்பவற்றைக் கேட்டுப் பழகியவர்களுக்கு முற்றுப்பெறாததாகவே ஒலித்திருக்கும். ஆனால் விளைவு சிறியதன்று. நகரம் எவருடைய மேய்ச்சல் நிலத்தில் எழுந்ததோ, அவர்களைக் குறித்த ஒரே அடையாளம் பெயரிலிருந்து மறைந்துவிட்டது. பெயரை மாற்ற வேண்டும் என்பதன்று இங்கே வாதம். உதகமண்டலம் என்ற பெயருக்கு நீர்ப்பகுதி என்று மட்டும் பொருள் கற்பிப்பது தவறு என்பதைப் பள்ளிகளிலும் சுற்றுலாப் பலகைகளிலும் திருத்தியாக வேண்டும்.

இதில் குறிப்பிடத்தக்க மற்றொன்றும் உண்டு. மந்து என்ற சொல்லில் வட்டம் இல்லாவிட்டாலும் மந்தின் அமைப்பில் வளைவு இருக்கிறது. தோடரின் மரபு வீடு, பீப்பாயை நெடுக்குவாட்டில் பிளந்து கவிழ்த்தாற்போல் மூங்கிலும் பிரம்பும் புல்லும் கொண்டு வளைத்துக் கட்டப்படுவது. முத்தநாடு மந்தில் உள்ள கோயில் கூம்பு வடிவானது. எருமைகளை அடைக்கும் தொழுவத்தின் கற்சுவர் வட்டமாகச் சுற்றி வரும். நீலகிரி முகடுகளில் உள்ள பழைய ஈமச் சின்னங்களிலும் வட்டக் கற்சுவர்கள் உண்டு. அவற்றைப் பற்றி நீலகிரி ஆணையராக இருந்த பிரீக்ஸ் திரட்டிய விவரங்கள் 1873இல் அச்சேறின. தொல்லியலாளர்கள் வழங்கும் 'கல்வட்டம்' என்ற கலைச்சொல், வட்டம் என்பதன் இரு பொருள்களும் ஒருங்கே பொருந்தும் அரிய இடம்: அது வடிவத்தாலும் வட்டம், உள்ளிருப்பதைச் சூழ்ந்து காப்பதாலும் வட்டம்.

இதனால் ஏற்படும் நடைமுறை விளைவுகள்

சொற்குழப்பம் அறிவிப்பைப் படிப்பவருக்குச் சிறு எரிச்சலாக முடியலாம். மனு எழுதுபவருக்கு அது ஒரு நாள் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் இழக்கச் செய்யும். மலையில் ஓர் அலுவலகத்திலிருந்து மற்றோர் அலுவலகத்துக்குப் போவது சமவெளியில் போவதுபோல் எளிதன்று.

சேரங்கோடு ஊராட்சியில் வசிக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய வட்டம் பந்தலூர். ஆகவே வருமானச் சான்றுக்குப் பந்தலூர் வட்டாட்சியர். அவருடைய ஒன்றியம் கூடலூர். ஆகவே ஊரக வேலைத் திட்டம் தொடர்பான முறையீட்டுக்குக் கூடலூர் வட்டார வளர்ச்சி அலுவலர். வட்டமும் வட்டாரமும் ஒன்று என்று எண்ணிப் பந்தலூரில் போய் நின்றால் அங்கே அந்த அலுவலகம் இல்லை.

பழங்குடியினருக்கு இது இன்னும் முக்கியமானது. பிற சாதிச் சான்றுகளைப் பெரும்பாலும் வட்டாட்சியர் நிலையிலேயே பெறலாம். பழங்குடியினர் சான்றை வழங்கும் அதிகாரம் கோட்டாட்சியருக்கோ சார் ஆட்சியருக்கோ உரியது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என ஆறு தொல்குடிகள் வாழும் நீலகிரியிலும், பளியர் வாழும் பழனி மலைத்தொடரிலும் 'வட்டாட்சியர்', 'கோட்டாட்சியர்' என்ற இரு சொற்களின் வேறுபாடு ஒரு பிள்ளையின் கல்லூரிச் சேர்க்கையையே தள்ளிப்போடக் கூடியது. கொடைக்கானலில் கோட்டத்துக்கும் வட்டத்துக்கும் பெயர் ஒன்றே என்பதால், "கொடைக்கானல் அலுவலகம்" என்று மட்டும் சொல்லி அனுப்புவது போதாது.

மின்தடை அறிவிப்பைப் படிக்கும்போது வட்டத்தின் பெயரைப் பார்ப்பதில் பயனில்லை. துணைமின் நிலையத்தின் பெயரையும் ஊர்ப்பட்டியலையும் பார்க்க வேண்டும். மழை விடுமுறை அறிவிப்பில் வட்டம் என்றால் வருவாய் வட்டம். அங்கே குந்தாவும் உதகையும் வேறு வேறு. யானையால் பயிர்ச்சேதம் ஏற்பட்டு இழப்பீடு கோருபவர், தம் நிலம் எந்த வருவாய்க் கோட்டத்தில் இருக்கிறது என்பதோடு எந்த வனச்சரகத்தின் எல்லையில் வருகிறது என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

செய்தித்தாள்களும் அலுவலகங்களும் ஒன்றைச் செய்தால் இக்குழப்பத்தில் பெரும்பகுதி நீங்கும்: வட்டம், கோட்டம், மண்டலம் என்று தனியே எழுதாமல், வருவாய் வட்டம், மின் பகிர்மான வட்டம், வருவாய்க் கோட்டம், வனக்கோட்டம் என்று துறையின் பெயரைச் சேர்த்தே எழுதுவது.